காய்ந்த சாணியும் சாகாத கிருமியும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலப் பக்கம் மாடு வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்த வார்த்தை வராமல் இருக்காது: "சாணியில என்ன கிருமி? கிருமியைக் கொல்றதே சாணிதானே!" இதற்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மாட்டை அவிழ்த்துக் கொண்டுபோய், இடத்தைக் கூட்டி, இரண்டு நாள் வெயில் காட்டிவிட்டால் எல்லாம் சுத்தமாம். கால்நடைக் கண்காட்சி நடந்த மண்டபத்தில் மறுவாரமே பாய் விரித்துப் பந்தி போடும் துணிச்சல் இங்கிருந்துதான் வருகிறது.

இந்த இரண்டு நம்பிக்கைகளுமே பொய். பிள்ளைகளின் சிறுநீரகத்தைப் பறிக்கக்கூடிய பொய்.

2001 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லொரெயின் கவுண்டி பொருட்காட்சிக்குப் போன 23 பேருக்கு ஈ.கோலை ஓ157 கிருமி தொற்றியது. இரத்தப்போக்குடன் வயிற்றோட்டம் உண்டாக்கி, சில பிள்ளைகளின் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும் கிருமி அது. அங்கே இருந்த ஒரு பொது மண்டபத்தில் நடனமாடியவர்களும், சாப்பிட்டவர்களும், தரையில் கிடந்த மரத்தூளைக் கையால் தொட்டவர்களும்தான் அதிகம் அகப்பட்டார்கள். சோதித்தபோது மரத்தூளில் மட்டுமல்ல, கூரை விட்டத்திலும் கிருமி இருந்தது. எந்த மாடும் விட்டத்தில் ஏறிச் சாணி போடாது. காய்ந்து பொடியான சாணி தூசியோடு மேலே போயிருக்க வேண்டும் என்பதே என் முடிவு. பொருட்காட்சி முடிந்து 42 வாரம் கழித்து, ஏறக்குறைய பத்து மாதத்துக்குப் பிறகு, அந்த மண்டபத்து மரத்தூளில் கிருமி உயிரோடு இருந்தது. நாம் சொல்லும் இரண்டு நாள் வெயிலை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2015 ஏப்ரலில் வாஷிங்டன் மாநிலத்து லிண்டன் நகரில், பால் பண்ணையைப் பற்றி அறியும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். 25 பேருக்கு இதே ஈ.கோலை நோய் உறுதியானது. மாட்டுக் கொட்டகையில் நிகழ்ச்சிக்கு ஒழுங்கு செய்து கொடுத்தவர்களும், முடிந்தபின் துப்புரவு செய்தவர்களும்கூட அதில் இருந்தார்கள்.

"எங்கட மாடு நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். மாடு நன்றாகத்தான் இருக்கும். இந்தக் கிருமி அதன் குடலில் சத்தமில்லாமல் குடியிருக்கும். மாட்டை ஒன்றும் செய்யாது. நோய் மனிதனுக்குத்தான். நூற்றுக்கும் குறைவான கிருமிகள் வாய்க்குள் போனாலே போதும்.

"பாட்டன் பூட்டன் சாணி மெழுகிய தரையில்தானே வாழ்ந்தார்கள்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. தொப்புள்கொடியில் சாணி பூசியதால் ஏற்புவலி கண்டு இறந்த பச்சைக் குழந்தைகளும் அந்தக் காலத்தவர்தாம். ஏற்புவலிக் கிருமியின் வித்து சாணியில் உண்டு. வாழ்ந்தவர்கள் கதை சொன்னார்கள். அந்தக் குழந்தைகளுக்குக் கதை சொல்ல வாயில்லை.

வெளிநாட்டுக் கதை என்று இதை ஒதுக்கவும் நமக்கு வழியில்லை. 2008இல் எலிக்காய்ச்சல் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தபோது, மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. அது வேறு கிருமிதான். ஆனால் எலியும் மாடும் சிறுநீர் கழித்துவிட்டுப் போன பிறகும் ஈரச் சேற்றில் அது காத்திருந்தது.

சாணி வயலுக்கு நல்ல பசளை, அதில் எனக்கு மறுப்பில்லை. பட்டிப்பொங்கலன்று மாட்டைக் கும்பிடுவதிலும் குறையில்லை. ஆனால் மாடு நின்ற மண்டபத்தில் சாணி, மரத்தூள், வைக்கோல் எல்லாம் முழுக்க அள்ளி, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகுதான் கிருமிநாசினி போட வேண்டும். சாணியின் மேலேயே வெளிற்றும் தூளைத் தூவினால் அதன் வீரியம் சாணியோடு போய்விடும். மண் தரையையோ இப்படிக் கழுவவே முடியாது. அங்கே மாடு கட்டினால் அதை மாட்டுக்கென்றே விட்டுவிட வேண்டும்.

பிரதேச சபைக்காரரே, பொதுச் சுகாதாரப் பரிசோதகரே, மாடு நின்ற இடத்தைப் பந்திக்குக் கொடுக்காதீர்கள். பெற்றோரே, கண்காட்சிக்குக் கூட்டிப்போன பிள்ளையின் கையைக் குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒரு வாய் வடையும் கொடுக்காதீர்கள்.