மத்தியஸ்தரைத் திட்டாதீங்கோ, சட்டப் புத்தகத்தைத் திட்டுங்கோ

வெள்ளிக்கிழமை இரவுகளில் நடக்கிற ஹைஸ்கூல் ஃபுட்போலைப் பற்றி அமெரிக்கா நிறையக் கதை சொல்லி வைத்திருக்கிறது. ‘ஃபிரைடே நைட் லைட்ஸ்’ 1990இல் புத்தகமாக வந்தது, 2004இல் படமானது, 2006 தொடக்கம் 2011 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடியது. தொடரைப் பார்த்து உருகின எங்கட நண்பர்களிடம் ஒரு கேள்வி. பயிற்றுநரின் பேர் தெரியும், குவாட்டர்பெக்கின் பேர் தெரியும். ஒரு மத்தியஸ்தரின் பேராவது ஞாபகம் இருக்கா? இருக்காது. கோடு போட்ட சட்டைக்காரர் என்றால் விசில் ஊதுகிறவர், எங்கட ரீமுக்கு அநியாயம் செய்கிறவர். அவ்வளவுதான்.

நாங்கள் அந்தச் சட்டைக்காரரின் பக்கம் நின்று கதைக்கப் போகிறோம். குறிப்பாக, பந்தை உதைக்கிற கட்டங்களைப் பற்றி. அங்கே நடக்கிற பிழைகளுக்கும் காயங்களுக்கும் மத்தியஸ்தரைப் பிடித்து ஏசுவது அநியாயம். மனிதக் கண்ணால் செய்ய முடியாத வேலையை அவரிடம் கொடுத்தது சட்டப் புத்தகம்.

கிக்ஓஃப் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். உதைக்கிற ரீம் தன் 40 யார் கோட்டில் வரிசையாக நிற்கும். பத்து யார் தள்ளி மற்ற ரீமின் முன்வரிசை. பந்து பறக்கும். பதினொரு பெடியன்கள் முழு வேகத்தில் ஒரு பக்கமாக ஓட, பதினொரு பேர் அவர்களை மறிக்க எதிரே வருவார்கள். வேறு எந்த ஆட்டத்திலும் இவ்வளவு தூரம் ஓடி வந்து மோதுவது வழக்கமில்லை. மற்ற ஆட்டங்கள் நெருங்கி நின்றபடி தொடங்குகின்றன. இது தூரத்திலிருந்து தொடங்குகிறது. ஆபத்து அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

இதைப் பார்க்க மைதானத்தில் இருப்பது எத்தனை பேர்? பெரிய ஆட்டம் என்றால் வழமையாக ஐந்து பேர். சில இடங்களில் ஏழு. கீழ்மட்ட ஆட்டங்களில் மூன்று, நான்கு பேரோடும் சமாளிக்கிறார்கள்.

ஒரு உதைக்குள் அவர்கள் பார்க்க வேண்டியதை எண்ணிப் பாருங்கள். பந்து பத்து யார் போனதா? போகுமுன் உதைத்த ரீம்காரன் தொட்டானா? தொட்டால் அந்த இடத்தில் சிறு துணிப்பொதியைப் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். பிடிக்க வந்தவன் பந்தைப் பிடித்த பிறகு நழுவ விட்டானா, பிடிக்காமலே தட்டிவிட்டானா? இரண்டுக்கும் சட்டம் வேறு. முதலாவது என்றால் உதைத்த ரீம் பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம், இரண்டாவது என்றால் எடுக்கலாம், ஓட முடியாது. யாராவது முதுகில் தள்ளினானா? இடுப்புக்குக் கீழே விழுந்து மறித்தானா? ஒருவன் காணாத பக்கத்திலிருந்து அவனை இடித்தானா? இதெல்லாம் சில விநாடிகளுக்குள், இருபத்திரண்டு பேர் ஓடுகிற இடத்தில்.

பண்ட் உதையும் லேசானதல்ல. உதைத்தவனோடு லேசாக மோதினால் ஐந்து யார் தண்டனை. முரட்டுத்தனமாக மோதினால் பதினைந்து யார், அதோடு பந்தும் உதைத்த ரீமிடமே தங்கிவிடும். ‘லேசு’ எங்கே முடிகிறது, ‘முரடு’ எங்கே தொடங்குகிறது என்று ஒருவர் ஒரு நொடியில் தீர்மானிக்க வேண்டும். மோதினவன் முதலில் பந்தைத் தொட்டிருந்தால் கணக்கே மாறும்.

பார்வையாளர் வரிசையில் இருக்கிற அப்பாவின் கையில் ஃபோன் இருக்கு, ஸ்லோ மோஷன் இருக்கு. மத்தியஸ்தரிடம் ஒன்றுமில்லை. பாடசாலை ஆட்டங்களில் காணொளியைப் பார்த்துத் தீர்ப்பை மாற்ற தேசியக் கூட்டமைப்பின் விதிகள் இடம் தருவதில்லை. 2019இல்தான் அந்தந்த மாநிலச் சங்கம் விரும்பினால் இறுதிச் சுற்றுகளுக்கு மட்டும் பாவிக்கலாம் என்று கொஞ்சம் கதவைத் திறந்தார்கள். ஆக, மைதானத்தில் இருக்கிற எல்லாரும் திருப்பிப் பார்க்கலாம், தீர்ப்புச் சொல்கிறவரைத் தவிர.

பிறகு மத்தியஸ்தர்மார் ஏன் விட்டுப் போகிறார்கள் என்று கேட்கிறார்கள். 2018–19 பருவத்துக்குப் பிறகு எல்லா விளையாட்டுகளிலுமாகச் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர் ஹைஸ்கூல் மத்தியஸ்தர் வேலையை விட்டதாக அந்தக் கூட்டமைப்பே சொன்னது. 2015 செப்டெம்பரில் டெக்சாஸில் இரண்டு மாணவர்கள் மத்தியஸ்தர் ஒருவரைப் பின்னாலிருந்து மோதி விழுத்திய காட்சியை உலகமே பார்த்தது. பகலில் வேறு வேலை செய்துவிட்டு, பின்னேரம் சின்னக் காசுக்கு இதைச் செய்கிறவர்கள் இவர்கள். ஏச்சும் வாங்கிக்கொண்டு எத்தனை நாளைக்கு நிற்பது?

கூட்டமைப்பு சும்மா இருந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. 2014இல் ஒரு விதி: உதைக்கிறவனின் இரண்டு பக்கத்திலும் குறைந்தது நான்கு பேர் நிற்க வேண்டும், மற்றவர்கள் கோட்டுக்கு ஐந்து யாருக்கு மேல் பின்னால் நிற்கக்கூடாது. 2017இல் பந்தை நிலத்தில் குத்தி மேலே எழுப்புகிற உதையைத் தடுத்தார்கள், காணாத பக்கத்திலிருந்து இடிப்பதையும் தடுத்தார்கள். எல்லாம் நல்ல எண்ணம்தான். ஆனால் ஒவ்வொரு புது விதியோடும் அதே ஐந்து பேரின் தலையில் இன்னொரு வேலை ஏறுகிறது. சட்டம் எழுதினவர் கூட்டம் முடிந்து வீட்ட போயிடுவார். அதைக் காக்க வேண்டியவர் மழைக்குள்ள நிற்கிறார்.

இதே புத்தகத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. உதைத்த பந்து மற்ற ரீமின் கோல் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பந்தை 20 யார் கோட்டில் வைப்பார்கள். பல்கலைக்கழகத்திலும் தொழில்முறை ஆட்டத்திலும் உள்ளே விழுந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வரலாம். பாடசாலையில் முடியாது. பெடியனுக்கும் நல்லது, மத்தியஸ்தருக்கும் நல்லது. அவர் எண்ணத்தை ஊகிக்கத் தேவையில்லை, வேகத்தை அளக்கத் தேவையில்லை. ஒரு நேர்கோடு, தாண்டியதா இல்லையா என்ற ஒரே கேள்வி. பிள்ளையைக் காக்கிற சட்டம் இப்படித்தான் இருக்க வேண்டும். மோதல் நடந்த பிறகு கொடி எறிவதால் மோதின தலை சுகமாகாது.

விதியை மாற்றினால் காயம் குறையும் என்பதற்குக் கணக்கும் இருக்கு. ஐவி லீக் பல்கலைக்கழகங்களில் 2015இல் கிக்ஓஃப்கள் மொத்த ஆட்டங்களில் 6 வீதம்தான், ஆனால் மூளை அதிர்ச்சிகளில் 21 வீதம் அவற்றில் நடந்தன. 2016இல் உதைக்கிற கோட்டை 35 யாரிலிருந்து 40க்கு முன்தள்ளினார்கள். பந்து அதிகம் கோல் கோட்டைத் தாண்டியது, ஓட்டம் குறைந்தது. ஆயிரம் கிக்ஓஃபுக்கு 10.93 ஆக இருந்த மூளை அதிர்ச்சி 2.04 ஆக இறங்கியது. அதே 2016இல் பொப் வோர்னர் என்ற சிறுவர் அமைப்பு தன் மிக இளைய மூன்று பிரிவுகளில் கிக்ஓஃபையே நிற்பாட்டியது. 2018இல் பல்கலைக்கழக விதி, பிடிக்கிறவன் கையை அசைத்து ஃபெயர் கட்ச் கேட்டு 25 யாருக்கு உள்ளே பிடித்தால் பந்தை 25இல் வைக்கச் சொன்னது. 2024இல் தொழில்முறை லீக்கும் ஓடி வருகிற தூரத்தைச் சுருக்கியது. அவர்களிடம் ஏழு மத்தியஸ்தர், காணொளி, சம்பளம் எல்லாம் இருக்கிறது. வளர்ந்த ஆம்பிளைகளுக்கே அந்தத் தூரம் ஆபத்து என்றால், பதினைந்து வயதுப் பெடியனுக்கு என்ன அவசரம்?

எதிர்த்தரப்புக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கு. முதல் பதினொருவரில் இடம் கிடைக்காத பெடியனுக்குப் பல ரீம்களில் கிக்ஓஃப்தான் மைதானத்தில் கால் வைக்கிற சந்தர்ப்பம், அதைப் பறிக்காதீர்கள் என்பார்கள். அந்த ஆசை எங்களுக்கும் விளங்கும். ஆனால் அனுபவம் குறைந்தவனைக் கூட்டி வந்து, ஆகக் கூடிய வேகத்தில் மோதுகிற இடத்தில் விடுவதுக்குப் பேர் சந்தர்ப்பமா? அவனை மற்ற ஆட்டங்களில் இறக்குங்கோ.

எங்கட கோரிக்கை மூன்று. பல்கலைக்கழகத்தின் ஃபெயர் கட்ச் விதியைப் பாடசாலைக்கும் கொண்டு வாருங்கள். இளைய வகுப்பு ஆட்டங்களில் கிக்ஓஃபை விடுங்கள். மூன்றாவது, மிக எளிது: ஐந்து மத்தியஸ்தர் வராத மைதானத்தில் கிக்ஓஃப் இல்லை, பந்தைக் குறித்த கோட்டில் வைத்துத் தொடங்குங்கள். பார்க்க ஆளில்லாத இடத்தில் பிள்ளைகளை மோத விடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

தேசிய விதிக்குழு ஆண்டுதோறும் ஜனவரியில் இண்டியானாபொலிஸில் கூடுகிறது. டெக்சாஸ் போலப் பல்கலைக்கழக விதியில் ஆடுகிற இடங்களை விட்டால், நாட்டின் பெரும்பகுதிப் பாடசாலைகளின் புத்தகம் அந்த மேசையில்தான் எழுதப்படுகிறது. ஏசுகிறவர்கள் அந்த மேசையைப் பார்த்து ஏசட்டும்.