விருந்தினர் வழியை அறிவோம்

ஜார்ஜ்டவுனுக்கு எதிரே, பினாங்கின் பெருநிலப் பகுதியில், தெலுக் ஆயர் தாவார் முதல் கோலமூடா வரை நீண்ட சேற்றுக் கரை உள்ளது. கடல் வற்றும்போது அது பயனற்ற வெற்று நிலம்போலத் தோன்றும். ஆனால், ஆண்டுதோறும் செப்டம்பர் மாதம் தொடங்கி ஆயிரக்கணக்கான கரைப்பறவைகள் அங்கு வந்து இறங்குகின்றன. சைபீரியா போன்ற வடபகுதிகளில் பனி உறையும் காலத்தை இங்குக் கழித்துவிட்டு, மார்ச், ஏப்ரல் மாதங்களில் இனப்பெருக்கத்திற்காக மீண்டும் வடக்கே பறக்கின்றன. அழியும் நிலையிலுள்ள நார்ட்மன் பச்சைக்காலியும் இவ்விருந்தினருள் ஒன்று.

இவற்றின் பயண வழியை எவ்வாறு அறிவது? ஆய்வாளர்கள் பறவையைப் பிடித்து, அதன் காலில் எண் பொறித்த வளையத்தையோ வண்ணத் தகட்டையோ மாட்டிப் பறக்கவிடுவர். தகட்டின் நிறம், அப்பறவை எங்குப் பிடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். செயற்கைக்கோள்வழி இடம் காட்டும் சிறு கருவிகளும் இன்று பயன்படுகின்றன. 2007ஆம் ஆண்டு, அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட பட்டைவால் மூக்கன் ஒன்று, எங்கும் இறங்காமல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து நியூசிலாந்தை அடைந்தது. இதை உலகுக்குக் காட்டியது அத்தகைய கருவியே.

பறவையின் வழியை அறிவதால் என்ன பயன் எனச் சிலர் கேட்கலாம். ஆஸ்திரேலியக் கரைகளில் சில பறவையினங்கள் குறைந்தபோது, அதன் முக்கியக் காரணம் வெகு தொலைவில் இருந்தது. அவை வழியில் இரைதேடி இளைப்பாறும் மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகள் பெருமளவு தூர்க்கப்பட்டிருந்தன. வழி தெரிந்ததால்தான் காரணம் தெரிந்தது. பின்னர், 2019ஆம் ஆண்டு, சீனாவின் மஞ்சள் கடற்கரைப் பகுதிகள் சில உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டன.

வீடுகளும் தொழிற்சாலைகளும் நமக்குத் தேவை என்பதை யாரும் மறுக்க இயலாது. எனினும், அவற்றை வேறிடத்தில் கட்டலாம்; தூர்த்த சேற்றுக் கரையை எளிதில் மீட்க முடியாது. அது பறவைகளுக்கு மட்டுமன்றி, இறாலையும் சிப்பியையும் நம்பி வாழும் மீனவர்களுக்கும் சோறு போடுகிறது.

மாணவர்களே, 1987ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. தன்னார்வலர்களே இதில் பெரும்பங்கு ஆற்றுகின்றனர். நம் பள்ளி இயற்கைக் கழகங்களும் இதில் பங்கேற்க வேண்டும் என்பதே என் கருத்து. தொலைநோக்கியில் காணும் ஒரு வண்ணத் தகட்டின் நிறத்தையும் நாளையும் குறித்தனுப்பினால், அது ஒரு பறவையின் பயணக் கதையை நிறைவு செய்யலாம். எந்தக் கரையைக் காக்க வேண்டும் என்பதற்கு அக்குறிப்பே சான்றாகும்.