டவர் நம் தெருவில், நிர்வாகப் படிப்பு யாருக்கு?

தொலைத்தொடர்புத் துறை ஒரு காலத்தில் நம் குடும்பங்களுக்கு அரசு வேலையின் வாசலாக இருந்தது. லைன்மேன், டெலிபோன் ஆபரேட்டர், எழுத்தர் என்று இடஒதுக்கீட்டில் உள்ளே போனவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். 2000 அக்டோபரில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் உருவான பிறகும், அது பொதுத்துறை என்பதால் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம் என்ற ஒதுக்கீடு தொடர்ந்தது.

இன்று அந்த வாசல் சுருங்கிவிட்டது. 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ் சுமார் 78 ஆயிரம் பேர் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியேறினர். நாட்டின் செல்போன் இணைப்புகளில் பெரும்பகுதி இப்போது ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. தனியார் வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு கிடையாது.

கேபிள் பதிக்கக் குழி தோண்டுவது, டவருக்குக் காவல் இருப்பது, வெயிலில் குடை விரித்து சிம் கார்டு விற்பது என்று இந்தத் துறையில் நம் பிள்ளைகள் இன்றும் உழைக்கிறார்கள். பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் வாங்கும் கூலி அது. டவர் எந்த ஊரில் வேண்டும், கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு என்பதெல்லாம் வேறோர் அறையில் முடிவாகிறது. 2022இல் நடந்த 5ஜி அலைக்கற்றை ஏலம் மட்டும் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. இவ்வளவு பணம் புரளும் துறையில் முடிவெடுக்கும் அந்த அறைக்குள் போக ஒரு வழி, தொலைத்தொடர்பு மேலாண்மையில் முதுநிலைப் பட்டம்.

பொறியியல் படித்தவருக்கு டவர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். இந்தப் படிப்பு அதற்கு மேல் ஒரு படி. அலைக்கற்றையை எப்படி விலைபேசுவது, டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகள் என்ன, ஒரு மாவட்டத்துக்கு நெட்வொர்க் போட எவ்வளவு செலவாகும், அந்தப் பணம் எத்தனை ஆண்டில் திரும்பும் என்பதையெல்லாம் கற்றுத்தருகிறது. நம் மாவட்டக் கல்லூரிகளில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இப்படியொரு படிப்பு இருப்பது தெரியும்?

டெல்லி ஐ.ஐ.டி.யில் தொலைத்தொடர்பு அமைப்பு மேலாண்மைக்கென்றே எம்.பி.ஏ. படிப்பு உண்டு. மத்தியக் கல்வி நிறுவனம் என்பதால் அங்கே 15 சதவீத ஒதுக்கீடு சட்டப்படி உறுதி. இதில் சேர 'கேட்' தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பில் 45 சதவீத மதிப்பெண் இருந்தால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எழுதலாம். தேர்வுக் கட்டணமும் பாதிதான். ஆனால், தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளைக்கு அதுவே முதல் தடை. பெருநகரப் பயிற்சி மையங்களின் கட்டணம் இரண்டாவது தடை.

தனியார் நிறுவனங்களுக்குப் போனால் பணம்தான் பெரிய தடை. முன்னணி நிறுவனங்களில் இரண்டாண்டுக் கட்டணம் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாதம் 21 ஆயிரம் ரூபாய் சம்பளம் வாங்கும் தகப்பன் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். பொருளாதாரத்தில் பின்தங்கிய முன்னேறிய சாதியினருக்கு மத்திய அரசு வகுத்த வரம்போ 8 லட்சம். அவர்களுக்கு 8 லட்சம் வரை ஏழ்மை என்றால், நமக்கு மட்டும் ஏன் 2.5 லட்சத்தோடு ஏழ்மை முடிந்துவிடுகிறது?

வரம்புக்குள் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. கல்லூரி, சேர்க்கையின்போதே பணம் கேட்கிறது. உதவித்தொகையோ மாதங்கள் கழித்து வருகிறது. இடைப்பட்ட காலத்தில் வட்டிக்கு வாங்குவதா, படிப்பை விடுவதா என்று குடும்பம் தவிக்கிறது. முன்பணம் இல்லாமல் சேருவதற்காகவே மத்திய அரசின் 2021 விதிமுறைகளில் 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு இருக்கிறது. அது நம் கிராமங்களில் எத்தனை மாணவர் கைக்குப் போயிருக்கிறது என்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகம் வெளியிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட நிறுவனங்களில் படிப்போருக்கு 'டாப் கிளாஸ்' உதவித்தொகைத் திட்டம் உண்டு. இதில் வருமான வரம்பு 8 லட்சம். அரசு நிறுவனம் என்றால் முழுக் கட்டணமும் கிடைக்கும். தனியார் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான். ஆண்டுக்கு 5 லட்சம் கட்டணம் உள்ள இடத்தில் மீதி 3 லட்சத்துக்கு எங்கே போவது? இரண்டு ஆண்டுக்கு 6 லட்சம். பெரிய தொகைக்கு வங்கி சொத்து ஈடு கேட்கும். நிலமில்லாத குடும்பம் எதை ஈடு வைக்கும்?

தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு தர வழிசெய்யும் 15(5) என்ற பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்ந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதை நடைமுறைப்படுத்தும் நாடாளுமன்றச் சட்டம் மத்திய நிறுவனங்களோடு நின்றுபோனது. தனியாருக்கும் சட்டம் வேண்டும் என்று கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை சட்டமாக வேண்டும். அதோடு நின்றால் போதாது. இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட முடியாவிட்டால் ஒதுக்கீடு ஏட்டில்தான் இருக்கும். இடஒதுக்கீட்டு வேலைகள் குறைந்துவிட்ட இந்தத் துறையில், ஒதுக்கீடு செய்த வேலையை இனி உதவித்தொகைதான் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் அதை முழுமையாகவும் சேர்க்கை நாளுக்கு முன்பும் தர வேண்டும் என்கிறோம். வருமான வரம்பை 8 லட்சமாக உயர்த்த வேண்டும். தாட்கோ நடத்தும் போட்டித் தேர்வுப் பயிற்சிகளில் கேட் தேர்வுக்கும் மாவட்டத் தலைநகரிலேயே இடம் வேண்டும்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். மூன்றாம் ஆண்டிலேயே கேட் தேர்வுக்குத் தயாராகத் தொடங்குங்கள். அது வழக்கமாக நவம்பர் கடைசியில் நடக்கும். விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிவிடும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது. இடைத்தரகர் பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கட்டணத்துக்காக அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்தால் அது யு.ஜி.சி. விதிக்கு மாறானது. எழுத்தில் புகார் கொடுங்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.