தியேட்டர் காலியாக இருக்கும்போது ஒரு படம் எடுங்கள்

ஒரு தியேட்டரைப் படம் எடுக்க வேண்டுமென்றால் கூட்டம் இல்லாத நேரத்தில் உள்ளே போய், எல்லா விளக்கையும் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். இதுதான் என் கட்சி. வகுப்பில் இதைச் சொன்னபோது, "காலி நாற்காலியைப் படம் எடுத்து என்னடா பண்ணப்போற?" என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தியேட்டர் என்றாலே நமக்கு முதல் நாள் முதல் காட்சி, கட்-அவுட், பாலாபிஷேகம், விசில், பறக்கிற பேப்பர். காலியான தியேட்டர் என்றால் படம் ஊத்திக்கொண்டது என்று அர்த்தம். நஷ்டக் கணக்கை யாராவது போட்டோ பிடித்து வைத்துக்கொள்வார்களா?

எங்கள் ஊர் உதாரணத்தையே சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது குந்தாரப்பள்ளி. வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை. வெள்ளிக்கிழமை வந்தால் ஆடும் ஆளும் வண்டியும்தான் கண்ணில் படும். சந்தை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, தரை எந்தப் பக்கம் சரிகிறது, எது வண்டிப் பாதை, எது நடைபாதை என்று பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமைதான் வர வேண்டும். தியேட்டர் விஷயம் இதைவிட மோசம். சந்தையிலாவது பகல் வெளிச்சம் இருக்கிறது. தியேட்டரில் ஆள் நிரம்பியவுடன் விளக்கை அணைத்துவிடுகிறார்கள். நாம் எத்தனை முறை போயிருந்தாலும் அந்தக் கட்டடத்தைப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. திரையைத்தான் பார்த்திருக்கிறோம்.

மதுரை தங்கம் தியேட்டரைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்பார்கள். 2,563 இருக்கை என்று துல்லியமாகச் சொல்வார்கள். 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது என்பார்கள். "சரிங்கய்யா, கூரை எப்படி இருந்தது? அவ்வளவு பெரிய ஹாலில் நடுவில் தூண் இருந்ததா? கடைசி வரிசைக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம்?" என்று அடுத்துக் கேட்டால் பேச்சு மறுபடி சிவாஜி வசனத்துக்குப் போய்விடும். குற்றம் சொல்லவில்லை, அவர்கள் போனது படம் பார்க்க. இன்று அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது. படத்தை எப்போது வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். அது திரையிடப்பட்ட ஹாலைப் பார்க்க முடியாது.

சரி, காலி ஹாலில் அப்படி என்னதான் தெரியும்?

போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டருக்குள் காலை ஒன்பது மணிக்கு விட்டார்கள் (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்). அந்த நேரத்தில்தான் பெருக்கித் துடைப்பதற்காகப் பக்கக் கதவுகளை எல்லாம் திறந்து வைப்பார்கள். இரண்டு பக்கமும் வெயில் உள்ளே விழும். நான் மேடையில் ஏறி, திரைக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தேன். அதாவது திரை நம்மைப் பார்க்கும் இடத்திலிருந்து. அப்போதுதான் அந்த ஹால் மூன்று துண்டாக இருப்பது தெரிந்தது. முன்னால் சிமெண்ட் தரை, அதில் பெஞ்ச் போட்டிருந்த கால்தடங்கள். பிறகு இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் கம்பி வேலி. அதற்குப் பின்னால் நாற்காலி. மேலே பால்கனி. வேலியில் ஒரு இடத்தில்கூடத் திறப்பு இல்லை! பெஞ்சில் இருப்பவருக்குத் தனிக் கதவு, தனிக் கழிப்பறை, தனி டீக்கடை. நாற்காலிக்காரருக்கு வேறு. பால்கனிக்குப் போகிறவர் ரோட்டிலிருந்து ஏறும் படிக்கட்டே வேறு. இடைவேளையில்கூட இவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981-ல் தமிழ் சினிமாவும் அரசியலும் பற்றி எழுதிய சிறு ஆங்கில நூலில் ஒரு முக்கியமான விஷயம் சொல்லியிருப்பார். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமா கொட்டகைதான், அங்கே இருக்கையை முடிவு செய்தது பிறப்பு அல்ல, கையில் இருந்த காசு என்பது அவர் வாதம். இது சரியான கருத்து என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வேலியைப் பார்த்த பிறகு இன்னொன்றையும் சேர்க்கத் தோன்றுகிறது. கூரை ஒன்றுதான், கதவுகள் பல. கட்டியவர் அந்த ஒரே கூரைக்கு எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது கதவுகளை எண்ணினால் தெரிகிறது. கூட்டம் இருக்கும்போது எடுத்த ஆயிரம் போட்டோவில் இது வராது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவில் அந்த வேலி மறைந்துவிடும்.

டிக்கெட் கவுண்டரும் அப்படித்தான். ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து, இரண்டு பக்கமும் சுவர், மேலே கம்பி. உள்ளே போய்விட்டால் டிக்கெட் வாங்காமல் திரும்ப முடியாது. வரிசையில் நிற்கத் தெரியாத கூட்டத்துக்கு வரிசையைச் செங்கல்லில் கட்டி வைத்திருக்கிறார்கள். காலியாக இருக்கும்போது பார்த்தால் ஆட்டுப்பட்டி ஞாபகம் வருகிறது (சந்தைக்கார ஊர்க்காரனுக்கு வேறு என்ன ஞாபகம் வரும்?). சுவரில் தோள் உயரத்துக்கு ஒரு பட்டை மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. பல வருடத்துத் தோள்கள் உரசிய தேய்மானம்.

பின்சுவரில், உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள் இருக்குமே, அதுதான் ஆபரேட்டர் கேபின். இரண்டு புரொஜக்டருக்காக அத்தனை ஓட்டைகள். 1,000 அடிச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடம்தான் ஓடும். ஒரு மெஷினில் சுருள் முடியும் முன் அடுத்த மெஷினைத் தொடங்க வேண்டும். ஒளி போக ஒரு ஓட்டை, ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டை. கேபினுக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு வைத்து, ஜன்னலுக்கு இரும்பு மூடி போட்டிருப்பதற்கும் காரணம் உண்டு. பழைய நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், ஹாலுக்குள் தீ வராமல் தடுக்க வேண்டும். கூரையில் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய் இருந்தால் அங்கே கார்பன் ஆர்க் விளக்கு எரிந்தது என்று சொல்லிவிடலாம். அந்தப் புகை வெளியே போக வழி வேண்டுமே. அந்த பிலிமும் கார்பனும் போய், இப்போது டிஜிட்டலுக்கு ஒரு ஓட்டை போதும். மீதி ஓட்டைகளை அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள்.

திரைப் பக்கம் போனால் இன்னொரு காலம் தெரியும். பழைய தியேட்டர்கள் பலவற்றில் நாடக மேடை மாதிரி வளைவு கட்டியிருப்பார்கள். பிறகு சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் ஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. அகலத் திரை அந்த வளைவுக்குள் அடங்காது என்பதால் வளைவுக்கு முன்னால் திரையைக் கட்டினார்கள். அழகான சுதை வேலை எல்லாம் திரைக்குப் பின்னால், இருட்டில்.

இதை எல்லாம் நான்தான் கண்டுபிடித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஹௌபிட்ஸ், ஸோக்கே என்ற இரண்டு ஜெர்மன் பெண் புகைப்படக் கலைஞர்கள் 2010-க்குப் பிறகு சில ஆண்டுகள் தென்னிந்தியாவில் சுற்றி இந்தத் தியேட்டர்களைப் படம் எடுத்தார்கள். 2016-ல் புத்தகமாகவும் வந்தது. மஞ்சள், ரோஸ், பச்சை என்று நாம் 'பெயிண்ட் கடை' என்று கிண்டலடிக்கும் முகப்புகள், கோடு கோடாக ஏறும் கான்கிரீட், உள்ளே வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். நம் ஊர்க் கொத்தனாரும் எஞ்சினியரும் மேல்நாட்டு நவீன பாணியை எடுத்து நம் ருசிக்கு மாற்றியிருக்கிறார்கள் என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது. முனிச்சிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஜப்பானியர் ஹிரோஷி சுகிமோட்டோ 1970-களின் பிற்பாதியில் ஆரம்பித்த வரிசை இன்னும் பிரபலம். அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடும் நேரம் முழுக்கக் கேமராவைத் திறந்தே வைத்துவிடுவார். இரண்டு மணிநேரப் படமும் சேர்ந்து திரை வெறும் வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை வெளிச்சத்தில் சுவரும் கூரையும் நாற்காலியும் தெரியும். கதை அழிந்து கட்டடம் மிஞ்சும். யோசனை அபாரம். ஆனால் ஆவணமாக அது எனக்குப் போதவில்லை. எல்லாத் தியேட்டரும் ஒரே தியான மண்டபம் மாதிரி ஆகிவிடுகிறது.

என் உண்மையான சண்டை இடிபாட்டுப் படங்களோடு. டெட்ராய்ட்டில் மிச்சிகன் தியேட்டர் என்று ஒன்று. 1926-ல் அரண்மனை மாதிரி கட்டியது. ஹென்றி ஃபோர்டு தன் முதல் வண்டியைச் செய்த கொட்டகை இருந்த இடம் அது என்பார்கள். 1970-களில் உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். இப்போதும் கிழிந்த அலங்காரக் கூரைக்குக் கீழே கார்கள் நிற்கின்றன. அதைப் படம் எடுக்காத ஆள் இல்லை. பார்க்க அருமையாகத்தான் இருக்கிறது. ஓசூர் மாதிரி வண்டிக் கம்பெனிகளால் வளர்ந்த ஊர்ப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்கு அந்தப் படம் கூடுதலாகவே உறுத்தும். ஆனால் சாவுக்குப் பிறகு எடுக்கும் படம் சாவைத்தான் காட்டும். எந்தக் கதவு யாருக்கு, எந்த நாற்காலி என்ன விலை என்பதெல்லாம் அதில் கிடைக்காது. நான் சொல்வது, இன்று மாலை காட்சி இருக்கிற தியேட்டரைக் காலையில் எடுங்கள் என்பது.

"ஆள் இல்லாத தியேட்டர் பொய்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை ஒன்பது மணிக்கு அது காலி இல்லை. பெருக்குகிற அம்மா இருக்கிறார், மெஷின் துடைக்கிறவர் இருக்கிறார், கேண்டீனில் சோள மூட்டை இறக்குகிறவர் இருக்கிறார். ரசிகர்கள்தான் இல்லை. அவர்கள் சம்மதித்தால் அவர்களையும் எடுக்கலாம். பொய் கொஞ்சம் குறையும்.

நமக்கு ஒரு பெரிய சந்தர்ப்பம் வந்து போனது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் நவம்பர் 10-ல்தான் திறந்தன. 2021-ல் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மறுபடி மூடல். மாநிலத்தின் எல்லாத் தியேட்டரும் ஒரே நேரத்தில் காலியாக நின்ற மாதங்கள் அவை. ஊரடங்கில் எல்லோருக்கும் அவரவர் பாடு, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்குப் பிறகு போனவற்றை எண்ணிப் பாருங்கள். சென்னையில் 1983-லிருந்து ஓடிய உதயம் 2024-ல் மூடப்பட்டது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நமக்குப் பழக்கமான பெங்களூரிலும் இதே கதைதான். 1936-ல் திறந்த பிளாசா இருந்த இடத்தில் மெட்ரோ நிலையம். 1968-ன் கபாலி போய்விட்டது. 1974-ல் திறந்த காவேரி 2024-ல் இடிந்தது. அங்கே நிலத்தின் விலை என்ன செய்ததோ அதையேதான் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூரிலும், கொஞ்சம் தாமதமாகக் கிருஷ்ணகிரி வரைக்கும் செய்யும். ஒரு தியேட்டரின் பரப்பில் எத்தனை பிளாட் போடலாம் என்று கணக்குப் போட எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். உரிமையாளரை நான் திட்ட மாட்டேன். வாரத்துக்கு நாலு நாள் முப்பது பேருக்கு ஓட்டி யாரால் தாங்க முடியும்? எல்லாத் தியேட்டரையும் காப்பாற்று என்று கோஷம் போடவும் எனக்குத் தைரியம் இல்லை. போவதற்கு முன் ஒரு பதிவு, அவ்வளவுதான் கேட்கிறேன்.

செலவும் அதிகம் இல்லை. போன் கேமரா போதும், ஆடாமல் வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். முதலில் உரிமையாளரிடமோ மேனேஜரிடமோ அனுமதி. மேடையிலிருந்து ஒன்று, கேபின் ஜன்னலிலிருந்து ஒன்று, கவுண்டர் சந்து, ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு படிக்கட்டும், வகுப்புப் பெயர் எழுதிய பலகைகள், கூரை, தரையின் சரிவு. சுவர்க் கோடுகள் சாயாமல் நேராக இருக்கட்டும். பிறகு அளந்து பார்ப்பதற்கு அது உதவும். கலர் பில்டர் எதுவும் வேண்டாம், சோகப் பாட்டும் சேர்க்க வேண்டாம். தேதி, ஊர், இருக்கை எண்ணிக்கை, கட்டிய மேஸ்திரி பெயர் தெரிந்தால் அதுவும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் கேபினிலிருந்து என்பேன். மற்றதெல்லாம் கட்டடம் இடியும் வரை இருக்கும். பிலிம் புரொஜக்டர்தான் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.