கட்டைவிரலை நம்பி ஓடர் கொடுக்கலாமா?

திருகோணமலையில் கடல் சீசன் தொடங்குவதற்கு முந்திய வாரங்கள் என்றால், வள்ளச் சாமான் விற்கும் எம்மைப் போன்றவர்களுக்குச் சாப்பிடவும் நேரம் கிடைக்காது. கிண்ணியா, மூதூர், குச்சவெளி, புல்மோட்டை என்று நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். கயிறு வேண்டும், வலை வேண்டும், பெயின்ட் வேண்டும். எல்லாம் இன்றைக்கே வேண்டும்.

2023 மார்ச் மாதத்தில் அப்படியான ஒரு பின்நேரம் கொழும்பு பழைய சோனகத் தெருவிலுள்ள ஒரு மொத்த வியாபாரிக்கு வட்ஸ்அப்பில் ஓடர் அனுப்பினேன். ஒரு கையில் போன், மறு கையில் பில் புத்தகம், முன்னால் மூன்று வாடிக்கையாளர்கள். 8 மில்லிமீற்றர் நைலோன் கயிறு 60 சுருள் என்று எழுத வேண்டியவன், 6 மில்லிமீற்றர் கயிறு 80 சுருள் என்று எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் லொறியில் இருந்து சாமான் இறங்கும்போதுதான் தெரிந்தது. கோபத்தோடு அவருக்குக் கோல் எடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. நான் எழுதியதையே படம் பிடித்து எனக்கு அனுப்பிவைத்தார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கும் வியாபாரிகளுக்கு ஒரு கேள்வி. கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் அனுப்பிய ஓடர்களில், விலைக் கேள்விகளில், வங்கி இலக்கங்களில் ஒரு தடவையாவது இலக்கம் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

பிழை எங்கே நடந்தது என்று பின்னர் யோசித்துப் பார்த்தேன். எனது கணக்கு அறிவில் குறை இல்லை. போனில் எழுதத் தொடங்கியதும் திரையின் கீழ்ப் பாதியை எழுத்துப் பலகை பிடித்துக்கொள்கிறது. மீதிப் பாதியில் ஏழெட்டு வரிகள்தான் தெரியும். பதினெட்டு வரி ஓடர் என்றால் மேலே என்ன எழுதினோம் என்பது கண்ணில் படாது. ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு வெள்ளெழுத்து வேறு. கட்டைவிரலோ இரண்டு எழுத்துக்களை ஒன்றாக மூடுகிற அகலம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு இலட்சக்கணக்கான ரூபாவுக்கு ஓடர் கொடுக்கிறோம். தராசில் இந்த அளவு பிழை இருந்தால் அதைக் கடையில் வைத்திருப்போமா?

“வாப்பா, நீங்க போன மாத்தத் தேவல்ல. ஒரு கீபோர்ட் வாங்கினாப் போதும்” என்றான் மகன். கொம்பியூட்டருக்கு உரிய சாமானைப் போனுக்கு மாட்டுவதா என்று நான் நினைத்தேன். அவன் சொன்னது புளூடூத் மூலம் இயங்கும் சிறிய விசைப்பலகை. வயர் இல்லை. ஒரு தடவை போனோடு இணைத்துவிட்டால் அடுத்த தடவை தானாகவே பிடித்துக்கொள்ளும். போனை ஒரு பெயின்ட் டின்னில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அடிக்கலாம். முக்கியமான விடயம், கீபோர்ட் இணைந்தவுடன் திரையை மறைத்த எழுத்துப் பலகை இறங்கிவிடுகிறது. முழுத் திரையும் எமக்குத்தான். பதினெட்டு வரியும் ஒன்றாகத் தெரிகிறது. எனக்கு ஆறாயிரத்துச் சொச்சம் ரூபா சென்றது. அந்தக் கயிற்றில் நான் விட்ட காசோடு ஒப்பிட்டால் அது தேநீர்ச் செலவு.

இது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. கையடக்கத் தொலைபேசியில் எழுதும் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்காக நொக்கியா நிறுவனம் 1996 இலேயே கொமியூனிகேட்டர் என்ற பெயரில், திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை இருக்கும் போனை விற்றது. 2000 ஆம் ஆண்டு வாக்கில் பாம் என்ற கைக்கருவிக்கு நான்காக மடிக்கும் கீபோர்ட் வந்தது. பிளக்பெரி போன் உலகம் முழுவதும் வியாபாரிகளின் சட்டைப் பையில் இருந்ததற்கு முக்கிய காரணம் அதன் பொத்தான்கள். 2007 இல் ஐபோன் வந்த பிறகு பொத்தான்கள் மறைந்தன. பழைய பிளக்பெரி போன்களுக்கான சேவையை அந்த நிறுவனம் 2022 ஜனவரி 4 ஆம் திகதி நிறுத்தியேவிட்டது. திரை பெரிதானது, படம் பார்க்க வசதியானது. எழுதுகிறவன் பாடுதான் கஷ்டமானது. 2010 இல் ஐபோனும் அதற்கு அடுத்த வருடம் அன்ட்ரொய்டும் வெளிக் கீபோர்டை ஏற்றுக்கொள்ளத் தொடங்கின. இத்தனை வருடமாக வழி திறந்தே இருந்திருக்கிறது. எம்மில் அனேகர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுதுவானேன், வொய்ஸ் போட்டால் போகிறது என்பார்கள் சிலர். எமது சந்தைப் பக்கம் இப்போது எல்லாம் வொய்ஸ்தான். ஆனால் ஜெட்டியில் நின்று, காற்றும் எஞ்சின் சத்தமும் இரைய, அவசரத்தில் சொல்லும் தொகையை மற்றவர் எப்படிக் கேட்பார்? ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது நானூறு வொய்ஸ்களில் எதைத் தேடுவது? எழுத்து என்றால் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள், சிறிய தொகை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள் என்று எமக்குச் சொல்லப்பட்டது நேற்றல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (அல்பகறா 282) எதைப் பற்றியது என்பது எமது வியாபாரிகள் அனைவருக்கும் தெரியும். ஜும்ஆவில் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, சனிக்கிழமை காலையில் வாய்க் கணக்கில் மூன்று இலட்சம் கொடுக்கிறோம். பின்னர் இரண்டு குடும்பம் பேசாமல் போகிறது. இப்படிப் பிரிந்த கூட்டாளிகளை எமது ஊரில் நான் கண்டிருக்கிறேன், அவர்களுக்கு நடுவில் பேச்சுவார்த்தைக்கும் போயிருக்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இருவரிடமும் எழுத்து இல்லை, அவ்வளவுதான்.

சட்டமும் இப்போது எழுத்தின் பக்கம்தான். இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் பற்றிய 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. காணி விற்பனை, மரண சாசனம் போன்றவை இதற்குள் வராது. காணி விற்பனைக்கு நொத்தாரிசிடம்தான் போக வேண்டும். ஆனால் கயிறும் சீமெந்தும் வாங்குவதற்கு நொத்தாரிசு தேவையில்லையே. அத்தோடு 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமாக உயர்ந்ததோடு, பதிவு செய்ய வேண்டிய வருட விற்பனை எல்லை 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. நாம் சிறிய ஆட்கள், எமக்கேன் என்றிருந்த பலர் அந்த வருடம் கணக்காளரைத் தேடி ஓடினார்கள். கணக்காளர் கேட்ட முதல் கேள்வி, எழுத்தில் என்ன இருக்கிறது என்பதுதான்.

அப்படியென்றால் லெப்டொப் வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கக் கூடியவர் வாங்கட்டும். ஆனால் மீன் பெட்டிக்கும் எண்ணெய்க் கலனுக்கும் நடுவில் லெப்டொப்பை எங்கே வைப்பது? 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கடை கொம்பியூட்டர் கறுப்புத் திரையோடு கிடந்தது. பவர் பேங்க் இருந்தவரின் போன் வேலை செய்தது. கீபோர்டுக்கு மின்சாரம் மிகக் கொஞ்சம்தான் தேவை. நான் மாதத்துக்கு ஒரு தடவைதான் சார்ஜ் போடுகிறேன்.

இன்னொரு விடயத்தையும் இங்கே சொல்லவேண்டும். விலைமனு, டெண்டர், வங்கிக்கான கடிதம் என்றால் நாம் கொம்யூனிகேஷன் கடைக்குத்தான் ஓடுகிறோம். எமது விலை என்ன என்பதை அடிக்கும் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் போட்டோ கொப்பி எடுக்க நிற்பவருக்கும் தெரியும். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. வியாபாரத்தின் உயிரான விலையை நாமே மேசையில் விரித்து வைக்கிறோம். 1980களின் இறுதியில் சவூதிக்குப் போகலாம் என்ற ஆசையில் டைப்ரைட்டிங் படித்த எத்தனை பேர் இன்று எமது கடைகளில் முதலாளியாக உட்கார்ந்திருக்கிறார்கள்! நானும் ஒருவன். சவூதிக்குப் போகவில்லை, படித்தது விரலில் இருக்கிறது. கீபோர்டில் கை வைத்த இரண்டாம் நாளே விரல் தானாக ஓடத் தொடங்கியது. அதே வகுப்புக்குப் போன எமது வீட்டுப் பெண்களின் விரலிலும் அது இருக்கிறது. கணக்கைக் கடைப் பையனிடம் கொடுப்பதை விட வீட்டிலேயே கொடுத்தால் என்ன?

இனித் தமிழுக்கு வருவோம். இங்கேதான் சிக்கல், மறைக்காமல் சொல்கிறேன். கடையில் விற்கும் கீபோர்டில் ஆங்கில எழுத்துத்தான் பதித்திருக்கும். எமது அச்சகங்களும் கொம்யூனிகேஷன்களும் நீண்ட காலம் பாமினி எழுத்தில் வேலை செய்தவை. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டது போன்றது. அந்தச் சட்டை இல்லாத போனுக்கு அனுப்பினால், தமிழ் என்ற சொல்லே அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகவும் அரைப்புள்ளியாகவும் போய் இறங்கும். யுனிகோட்டில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதிலும் எந்தப் பொத்தானில் எந்த எழுத்து என்பதில் ஒற்றுமை இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு எழுத்து வரிசை அமைத்துத் தந்தார். 1999 இல் தமிழ்நாட்டு அரசு உயிரெழுத்தை இடது கைக்கும் மெய்யெழுத்தை வலது கைக்கும் பிரித்த தமிழ்99 முறையை ஏற்றுக்கொண்டது. எமது நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகை 1326 ஆம் இலக்க இலங்கைத் தரத்தில் இடம்பெற்றது. மூன்று பேர் மூன்று வழி, இதில் நாலாவதாக ஆங்கிலத்தில் அடித்தால் தமிழாக வரும் வழி வேறு. இதில் எதை ஒரு போன் வெளிக் கீபோர்டுக்கு ஏற்கும் என்பது போனுக்குப் போன் மாறுகிறது. எனது போனில் திரையில் ஒழுங்காக வந்த தமிழ், கீபோர்டை இணைத்ததும் ஆங்கிலமாகிவிட்டது. ஆகவே சாமானின் பெயரையும் இலக்கத்தையும் பொத்தானில் அடிக்கிறேன். தமிழில் நாலு வரி சொல்ல வேண்டுமென்றால் வாயால் சொல்லி எழுத வைக்கிறேன், பிறகு கண்ணால் பார்த்துத் திருத்துகிறேன். திறமான வழி என்று சொல்ல மாட்டேன். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ள நாட்டில், தமிழ் எழுத்துப் பதித்த, போனில் மாட்டியதும் தமிழ் அடிக்கும் மலிவான கீபோர்டைக் கடையில் கேட்டதும் வாங்க முடிவதில்லை. இறக்குமதி செய்யும் எமது சகோதரர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாங்கும்போது உங்கள் போனைக் கையில் கொண்டு போய், கடையிலேயே இணைத்து அடித்துப் பாருங்கள். மடிக்கும் வகை பையில் வைக்க வசதிதான், ஆனால் நடுவில் பிளவு இருப்பதால் சில எழுத்து வழமையான இடத்தில் இருக்காது. எமக்கு எழுத்தை விட இலக்கம் முக்கியம், ஆகவே வலது பக்கத்தில் தனியாக இலக்கப் பொத்தான்கள் உள்ளதே சிறந்தது. கொஞ்சம் நீளம் கூடினாலும் பரவாயில்லை. துறைமுகப் பக்கத்து உப்புக் காற்று இரும்பையே தின்னும், இதை விடுமா? வேலை முடிந்ததும் துடைத்து உறையில் போடுங்கள். கருவாட்டுக் கையோடு தொட வேண்டாம் என்று கடைப் பையன்களிடம் நான் தினமும் சொல்கிறேன், தினமும் தொடுகிறார்கள்.

பாதுகாப்பு விடயத்தில் அலட்சியம் வேண்டாம். சிறிய துண்டு ஒன்றைச் செருகி இயக்கும் மலிவான வயர்லெஸ் கீபோர்டுகள் சிலவற்றில், அடிக்கும் எழுத்து மறைகுறியாக்கப்படாமல் வெறுமனே காற்றில் போகிறது என்பதை அமெரிக்காவின் பாஸ்டில் என்ற நிறுவனம் 2016 இல் வெளிப்படுத்தியது. பக்கத்தில் இருந்து ஒருவர் அதைப் பிடிக்க முடியும். புளூடூத் அதை விட மேல். அதிலும் 2023 டிசம்பரில் ஒரு ஓட்டை வெளியானது. எம்மிடம் கேட்காமலே வேறொருவரின் கீபோர்ட் எமது போனோடு ஒட்டிக்கொள்ளக் கூடிய நிலைமை. திருத்தமும் அப்போதே வந்தது, ஆனால் போனைப் புதுப்பித்தவருக்குத்தான் அது கிடைக்கும். அப்டேட் என்று போன் கேட்கும்போது பிறகு பார்ப்போம் என்று தள்ளிவிடாதீர்கள். கடை மூடியதும் புளூடூத்தையும் மூடுங்கள். வங்கி இரகசிய இலக்கத்தை மட்டும் நான் இப்போதும் திரையில்தான் அடிக்கிறேன். மகன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

எனது எதிர்க் கடைக் காக்கா ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, “நாப்பது வருசம் பேனையால எழுதின எனக்கு இது எதுக்கு தம்பி?” என்றார். அவரது கடன் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். முத்து முத்தான எழுத்து, ஒரு இலக்கமும் பிசகாது. அவருக்கு இது தேவையில்லை என்றே சொன்னேன். ஆனால் அவரது மகன் ஓடர் அனுப்புவது எனக்குத் தெரியும், கட்டைவிரலால்தான்.

அந்த 6 மில்லிமீற்றர் கயிற்றில் பதினொரு சுருள் இன்னமும் எனது கடையின் மேல் தட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் வந்தால் கொள்முதல் விலைக்கே தரலாம்.