பண்டிகைப் பலகாரமும் பக்கத்து வாசலும்

ஆங்கிலப் பாடநூலில் இலையுதிர்காலம் என்றொரு பருவத்தைப் பற்றிப் படிக்கிறீர்கள். மேனாட்டில் மரங்கள் பொன்னிறம் பூண்டு இலைகளை உதிர்க்கும் காலம் அது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலோ அந்த மாதங்களில் மழை பொழிகிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த அப்பருவத்தைக் கூதிர்காலம் என்று அழைத்தனர் நம் முன்னோர். வடகிழக்குப் பருவமழை தொடங்கி, பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்கு நீர் வந்து சேரும் காலம் இது. நமக்கு இது பண்டிகைக் காலமும் ஆகும். காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை வந்தால், அதையொட்டி நவராத்திரி, ஆயுத பூசை, தீபாவளி, கல்லறைத் திருநாள், திருக்கார்த்திகை என ஒன்றன்பின் ஒன்றாக நாட்கள் வருகின்றன. அவற்றோடு பலகாரங்களும் வருகின்றன. அந்தப் பலகாரங்களைப் பற்றி என் மனத்தில் உள்ள கருத்தை இம்மலரில் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தப் பண்டிகைக்கு எந்தப் பண்டம் என்பதை நம் மூதாட்டியர் சும்மா வகுத்துவிடவில்லை. நவராத்திரியின் ஒன்பது நாளும் கொலு வைத்த வீடுகளில் சுண்டல் வழங்குகிறார்கள். ஒரு நாள் கொண்டைக்கடலை, ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் காராமணி, ஒரு நாள் மொச்சை என்று மாறி மாறி வரும். ஊரிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் ஒன்பது நாளும் பயறு உணவு கிடைப்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு! தீபாவளிக்கோ முறுக்கு, தட்டை, அதிரசம் என்று எண்ணெய்ப் பலகாரங்கள். எண்ணெயில் வேகும்போது மாவிலுள்ள ஈரம் வெளியேறிவிடுவதால், காற்றுப் புகாத பாத்திரத்தில் மூடி வைத்தால் மழைக்காலத்திலும் முறுக்கு பல நாள் கெடுவதில்லை. அத்தனையும் தின்ற வயிறு தொல்லை கொடுக்குமே என்று சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை அரைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கிளறிய தீபாவளி லேகியத்தையும் அவர்களே செய்து வைத்தார்கள். கார்த்திகை வந்தால் நெற்பொரியும் வெல்லப்பாகும் சேர்ந்த பொரி உருண்டை. நெல்லும் வேர்க்கடலையும் விளையும் நம் மாவட்டத்து மண்ணிலிருந்தே இவற்றிற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி கிடைத்தது.

இந்தப் பலகாரங்களின் பின்னே உள்ள உழைப்பையும் நாம் மறந்துவிடலாகாது. அதிரசம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்துச் சலிக்க வேண்டும். வெல்லப்பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரவேண்டும், அதுதான் பதம். பதம் முந்தினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் கல்லாகிவிடும். பாகும் மாவும் சேர்ந்ததை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, பிறகு தட்டிப் போட்டு, எடுத்து, எண்ணெயைப் பிழிய வேண்டும். வீட்டில் தாயார் அடுப்பருகே நின்று வியர்வை சிந்த, நாம் டப்பாவைத் திறந்து "இவ்வளவுதானா?" என்று கேட்பது நியாயமாகுமா?

இத்தனை உழைப்பும் எதற்காக? அந்த வீட்டார் மட்டும் உண்பதற்காக அன்று. பலகாரம் சுட்டதும் முதல் வேலை, தட்டுகளில் எடுத்து வைத்துத் துணியால் மூடி அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவதுதான். கொடுத்தனுப்பிய தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது வைத்துத்தான் தருவார்கள். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து முறுக்கு வந்தால், கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்தவ வீட்டிலிருந்து அச்சு முறுக்கும் கலகலாவும் போகும். இரம்சானுக்கு இசுலாமியர் வீட்டிலிருந்து பிரியாணி வரும். சமய ஒற்றுமையைப் பற்றி மேடையில் ஆயிரம் பேசலாம். அதை நாள்தோறும் காத்து வந்தது இந்தத் தட்டே என்றால் மிகையாகாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. நவம்பர் 2-ஆம் நாள் நாம் கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறோம். இடைக்கால இங்கிலாந்தில் அந்நாளையொட்டி ஏழைகளும் சிறுவர்களும் வீடு வீடாகச் செல்வார்கள். இறந்தோருக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்ல, வீட்டார் அவர்களுக்குச் சிறு இனிப்பு அப்பங்களைக் கொடுப்பார்கள். போர்ச்சுகலில் நவம்பர் முதல் நாள் குழந்தைகள் பையோடு வாசல்தோறும் போய் ரொட்டியும் பழமும் பெறும் வழக்கம் உண்டு. சீனர் இலையுதிர்காலத்து முழுநிலவு நாளில் நிலவு அப்பம் செய்து உறவினருக்கும் நண்பருக்கும் அளிக்கிறார்கள். இவ்வாறு உலகின் பல பகுதிகளிலும் இந்தப் பருவத்துத் தின்பண்டம் வாசல் தாண்டிச் செல்வதற்காகவே செய்யப்பட்டிருக்கிறது.

இன்று நம் வட்டாரத்தில் நிலைமை என்ன? சிப்காட் நிறுவனம் 1971-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் தொழில் வளாகங்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் எழுந்தது. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் தொழிற்பேட்டை உள்ளது. 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமான நம் திருவள்ளூர், இன்று ஏரும் எந்திரமும் அருகருகே இயங்கும் மாவட்டம். தந்தை ஒரு ஷிப்டிலும் தாய் வேறொரு ஷிப்டிலும் வேலைக்குப் போகும் வீடுகள் பெருகிவிட்டன. அதிரசத்திற்கு மாவு இடிக்க அவர்களுக்கு நேரம் ஏது? தீபாவளியை ஒட்டிப் போனஸ் வருகிறது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவு 8.33 விழுக்காடு என்று வகுத்தது. பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மாதக் கணக்கு. அந்தப் பணத்தில் துணி வாங்குகிறோம், பட்டாசு வாங்குகிறோம், கடையில் இனிப்புப் பெட்டியும் வாங்குகிறோம்.

கடை இனிப்பை நான் குறை கூறவில்லை. உழைத்துக் களைத்த தாய்மார் கடையில் வாங்குவதில் தவறென்ன இருக்கிறது? அந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. மேலதிகாரிக்கு ஒன்று, வாடிக்கையாளருக்கு ஒன்று, வசதியான உறவினருக்கு ஒன்று. அவர்கள் வீட்டிலிருந்து நமக்கொன்று. சில சமயம் பிரிக்காத பெட்டியே கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றி வருகிறது! தட்டு பக்கத்து வாசலுக்குப் போயிற்று; பெட்டி, பயன் தரும் வாசலுக்கு மட்டும் போகிறது. இதுதான் நாம் இழந்தது.

நம் பக்கத்து வாசலில் இப்போது யார் இருக்கிறார்கள்? பீகார், ஒடிசா, வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள், ஓர் அறையில் பலராகச் சேர்ந்து தங்கியிருக்கிறார்கள். ஒடியா பேசுபவரையும் வங்காளம் பேசுபவரையும் ஒன்றாக்கி "இந்திக்காரர்" என்று அழைத்துவிடுகிறோம். அவர்களுடைய பண்டிகை எது, பலகாரம் எது என்று நாம் கேட்டதுண்டா? நாம் ஆயுத பூசையன்று எந்திரத்திற்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை வழங்குவதைப் போலவே, அவர்கள் ஊர்களில் செப்டம்பர் 17-ஆம் நாளையொட்டி விசுவகர்மா பூசை செய்து கருவிகளை வணங்குகிறார்கள். தீபாவளி முடிந்த ஆறாம் நாள் பீகார் மக்கள் சட் பூசை கொண்டாடுகிறார்கள். அதற்குக் கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து நெய்யில் பொரித்த தேக்குவா என்ற பண்டம் செய்வார்கள். வங்காளிகள் துர்க்கை பூசைக் காலத்தில் தேங்காயும் வெல்லமும் கிளறி உருண்டை பிடிப்பார்கள். நம் தேங்காய் உருண்டைக்கு அது உடன்பிறப்பு அல்லவா?

அயலார் வடக்கிலிருந்து வந்தவர் மட்டும் அல்லர். ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. நம் அதிரசம் அவர்களுக்கு அரிசெலு. இலங்கைப் போரினால் வீடிழந்து வந்த தமிழர் வாழும் முகாமும் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. வறுத்த பயற்றமாவில் வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துப் பொரிக்கும் பயற்றம் பணியாரம் ஈழத்தமிழரின் சிறந்த பண்டம். நாகர்கோவில் பக்கத்து முந்திரிக்கொத்தை உண்டவர்கள் இதைக் கண்டால், பிரிந்த உறவைக் கண்டதுபோல் மகிழ்வார்கள். பெயர் வேறு, பேச்சு வேறு. வெல்லமும் மாவும் ஒன்றே.

எனவே என் கருத்து இதுதான்: பலகார வகைகள் குறையட்டும், அவை போகும் வாசல்கள் கூடட்டும். எட்டு வகை இனிப்பைச் செய்து அம்மா படுத்துவிடவேண்டாம். ஒரு காரம், ஓர் இனிப்பு, இரண்டே போதும். அதை வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்யட்டும். முறுக்கு அச்சைப் பிழிய வலுவான கை வேண்டும். அந்த வேலைக்கு அண்ணனும் தம்பியும் மிகவும் தகுதியானவர்கள்! அப்பாவுக்கும் மாவு சலிக்கக் கட்டாயம் வரும். செய்ததில் ஒரு பங்கை, நமக்கு எந்தப் பயனும் தர இயலாத ஒரு வீட்டிற்குக் கொடுப்போம். நேரமே இல்லாத வீட்டார் கடையில் வாங்கியதைத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் குற்றமில்லை.

இதற்குச் சில மறுப்புகள் எழும் என்பதை அறிவேன். "முன்பின் தெரியாத ஆடவர் தங்கும் அறைகளுக்குப் பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று பெற்றோர் கேட்பார்கள். அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். பெற்றோரே முன்னே செல்லுங்கள், பிள்ளைகள் உடன் வரட்டும். குடும்பமாகத் தங்கியிருப்போரிடமிருந்து தொடங்கலாம். அவர்களுடைய குழந்தைகளுள் சிலர் தமிழ் தெரியாமல் வகுப்பில் திகைத்து உட்கார்ந்திருப்பதை நம் பகுதிப் பள்ளிகளில் காணலாம். அத்தகைய ஒரு தோழியின் வீடே நல்ல தொடக்கம். "சர்க்கரை நோய் பெருகும் காலத்தில் இனிப்பு எதற்கு?" என்பார்கள் சிலர். உண்மைதான். அதனால்தான் பலகாரம் குறைவாக இருக்கட்டும் என்கிறேன்; அப்படிப்பட்டவர்களுக்குச் சுண்டல் கொடுங்கள். "விலைவாசி ஏறிக்கிடக்கிறதே!" என்பார்கள் வேறு சிலர். ஒரு படி மாவை நாமே தின்று தீர்த்தாலும், நால்வருக்குப் பங்கிட்டாலும் செலவு ஒன்றுதானே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைத் தானமாக எண்ணிவிடாதீர்கள். இரக்கத்தோடு கொடுப்பது நல்லதுதான். ஆனால் பெற்றுக்கொள்வது அதைவிடக் கடினம். அடுத்த வாரம் அந்த வீட்டிலிருந்து தேக்குவாவோ பயற்றம் பணியாரமோ வந்தால், முகம் சுளிக்காமல், "இது எப்படிச் செய்தீர்கள், அக்கா?" என்று கேட்டு உண்ணுங்கள். கொடுத்தால் மட்டும் அது தருமம். வாங்கியும் கொண்டால்தான் அயலகத்து உறவு. வெறுந்தட்டைத் திருப்பித் தரலாகாது என்று நம் பெரியோர் சொன்னதன் பொருளும் இதுவே. பெற்றவர் தலைகுனியாமல் இருக்க, அவருக்கும் கொடுக்கும் உரிமை வேண்டும் அல்லவா?

மாணவியரே! எந்தெந்த வீட்டுக்குத் தட்டு போகவேண்டும் என்று அம்மா எண்ணிப் பார்க்கும் நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் உண்டு. வரும் பண்டிகையில் அந்த நேரத்தில் அருகில் இருங்கள். அவர் சொல்லும் பெயர்களோடு, இதுவரை நம் தட்டு போகாத ஒரு வீட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரு முனையில் குடிவந்திருக்கும் அவர்களுடைய பெயர் தெரியவில்லையா? தட்டு போகட்டும், பெயரோடு திரும்பி வரும்.