நாலும் ஏழும் பதினொண்ணு

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு சார். எதைப் படித்தாலும் கணக்கு டாலி ஆகிறதா என்று பார்ப்பான். அந்தக் காலத்து வேடிக்கைக் காட்சிகளைப் பற்றிப் படித்தபோது, ஒரு இடத்தில் 7 வருஷம் உதைத்தது.

அமெரிக்காவில் பார்னம் என்று ஒரு மகா கில்லாடி. நியூயார்க்கில் மியூசியம் என்ற பெயரில் டிக்கெட் போட்டு வேடிக்கை காட்டியவர். 1842-ல் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் சார்லஸ் ஸ்ட்ராட்டன் என்ற பொடியனைப் பார்த்தார். வயசு 4. உயரம் சுமார் 2 அடி. கைக்குழந்தையாக இருந்தபோதே வளர்ச்சி நின்றுபோயிருந்தது. வாரம் 3 டாலர் சம்பளம், செலவு தனி என்று பேசி, அம்மாவோடு நியூயார்க்குக்குக் கூட்டி வந்துவிட்டார்.

அப்புறம்தான் மூளை வேலை செய்தது. 4 வயசுப் பையன் குள்ளமாக இருந்தால் எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்? 'நாளைக்கு வளந்துடுவான்யா' என்று போய்விடுவான். போட்டார் ஒரு என்ட்ரி: வயசு 11! ஊர் இங்கிலாந்து! பெயர் ஜெனரல் டாம் தம். அதாவது, தளபதி கட்டைவிரல்! ரிடையர்மெண்ட்டைத் தள்ளிப்போட வயசைக் குறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கே வேலைக்குச் சேரும்போதே 7 வருஷம் சீனியாரிட்டி! ஏன் அப்படிச் செய்தேன் என்று பார்னமே சுயசரிதையில் கூச்சப்படாமல் எழுதியிருக்கிறார்.

பொய் சொன்னது பார்னம். அதைத் தினமும் நடித்துக் காட்ட வேண்டியது பையன். பாட்டு, டான்ஸ், நெப்போலியன் வேஷம், பெரிய மனுஷ மிடுக்கு. தூக்கம் வருகிறது என்று மேடையில் சிணுங்க முடியுமா? குட்டு வெளிப்பட்டுவிடுமே! 1844-ல் பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா ராணி முன்னால் நின்றபோது நிஜ வயசு 6. அங்கே ஒரு நாய் பாய்ந்து வர, கைத்தடியை வீசிச் சண்டை போட்டான். எல்லாரும் சிரித்தார்களாம். பயந்தானா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

காசில் குறை சொல்ல முடியாது. சம்பளம் ஏறியது, பிற்பாடு லாபத்தில் பங்கும் கிடைத்தது. 1850-களில் பார்னம் திவாலானபோது, கை கொடுக்க முன்வந்தவர்களில் ஸ்ட்ராட்டனும் ஒருவர். பாலன்ஸ் ஷீட் பிரமாதம்தான்.

1883-ல் ஸ்ட்ராட்டன் இறந்தபோது வயசு 45. பார்னத்தின் பழைய விளம்பரப்படி 52. இடிக்கிற 7 வருஷத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் பொடியன் விளையாடாமல் விட்ட விளையாட்டை எந்தப் பக்கம் எழுதுவது, வரவிலா, செலவிலா? என் பி.காமுக்கு அது எட்டவில்லை. சி.ஏ. யாராவது இருந்தால் சொல்லுங்கள்.